கதவைக் காப்பவளின் பக்கம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவள், பெங்களூரில் இருக்கும் தன் அண்ணனின் பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டினாள்.
2. அதில் இருந்த ஒரே கேமில் நான் ஹீரோவை விட்டுவிட்டு, அவனுடைய எதிரிக்காகப் பேச ஆரம்பித்தேன்.
3. நாங்கள் இருவரும் வேலை செய்யும் தொழிற்சாலை, சூளகிரிப் பக்கம் புது யூனிட் தொடங்குவதாக அறிவித்தது. எங்கள் தளத்திலிருந்து ஒருவர் அங்கே லைன் இன்சார்ஜாகப் போகலாம்.
4. அவளும் நானும் பெயர் கொடுத்தோம். வேறு யாரும் கொடுக்கவில்லை.
5. கஸ்டமர் வருவதற்கு முந்தின நாள் அவள் ஒரு தவறு செய்தாள். அதை நான் கண்டுபிடித்தேன்.
6. அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.
7. புது லைனின் குவாலிட்டியை நான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஏதோ ஒரு வரி விட்டுப்போனதுபோல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல தடவை சரிபார்த்துவிட்டேன். எதுவும் விடுபடவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கான பிராக்கெட்டுகள் செய்கிறோம். தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு அனுப்புவது. நான் குவாலிட்டி. அவள் புரொடக்‌ஷன். படிப்பு இருவருக்கும் மெக்கானிக்கல்தான். நான் ஊத்தங்கரையிலிருந்து வந்தவள், அவள் கோவில்பட்டிப் பக்கம். வேலையில் நான்தான் சீனியர். அவள் வந்து சேர்ந்த நாளில் மைக்ரோமீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

தொழிற்சாலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புரொடக்‌ஷன் என்பது ஓடவைக்கும் பிரிவு. குவாலிட்டி என்பது நிறுத்தும் பிரிவு. மாதக் கடைசியில் சரக்கேற்ற லாரி வந்து நிற்கும்போது, துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று சொல்லி மொத்த லாட்டிலும் 'அனுப்பாதே' என்று சிவப்பு ஹோல்டு டேக் கட்டுகிற ஆளை யாரும் பூ வைத்து வரவேற்க மாட்டார்கள். நான் லைனுக்குள் நுழைந்தால், முதல் மேசையில் இருக்கும் அக்கா பக்கத்து மேசையிடம் கன்னடத்தில், "பந்த்ரு நோடு" என்பார். வந்துட்டாங்க பாரு என்று அர்த்தம். அந்த அளவு கன்னடம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வில்லி மேடம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் என்றாலும் முதுகு அவ்வளவு தடிமனானது இல்லை.

அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வந்த சில மாதங்களிலேயே தெலுங்கில் கிண்டல் பண்ணவும் கன்னடத்தில் சமாதானம் பண்ணவும் கற்றுக்கொண்டாள். இந்த ஜில்லாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த இரண்டு மொழிகளும் காதோடு நின்றுவிட்டன. எங்கோ தெற்கேயிருந்து வந்தவளின் வாயில் அவை போய் உட்கார்ந்துகொண்டன. அவள் தாமதமாக ஓடிவந்தால் கம்பெனி பஸ் நின்று ஏற்றிக்கொள்ளும். நான் தாமதமாக வந்ததே இல்லை, அதனால் எனக்காக நிற்குமா என்பதைச் சோதிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. நிற்காது என்றே நினைக்கிறேன்.

கேம் பெட்டியோடு வந்த இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்று வேலை செய்யவில்லை. ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கையில் வைத்திருப்பவள் செத்தால் அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அடிக்கடி செத்தாள். செத்துவிட்டுச் சிரித்தாள். நான் மெதுவாக, எல்லா அறைகளையும் பார்த்து, எல்லாக் குறிப்புகளையும் படித்து ஆடுவேன் என்பதால் சாவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கன்ட்ரோலரை வாங்கினால், அவள் துணி துவைத்துக் காயப்போட்டு வந்தாலும் நான் அதே கோட்டைக்குள்தான் இருப்பேன்.

கதை எளிமையானது. பனிமலையில் ஒரு கணவாய். கணவாயில் ஒரு கோட்டை. கோட்டைக்கு ஒரு பெரிய கதவு. கதவுக்கு முன்னால் கவசம் அணிந்த ஒருத்தி. கீழே சமவெளியிலிருந்து ஓர் இளைஞன் ஏறி வருகிறான். அவன் ஊருக்குத் தேவையான ஏதோ ஒரு நெருப்பு அந்தக் கதவுக்கு அப்பால் இருக்கிறது. அவன்தான் ஹீரோ. அவளைக் கொன்றால்தான் கதவு திறக்கும்.

கோட்டை முழுக்க அவள் எழுதிவைத்த குறிப்புகள் கிடக்கும். கீழ்த்தளத்து விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. மேற்குச் சுவரில் விரிசல், கல் வைத்து அடைத்தேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் சத்தம் இன்று கொஞ்சம் குறைவு. இவ்வளவுதான். என்னோடு இருப்பவள் இவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. எழுத்து திரையில் வந்ததும் பொத்தானை அமுக்கித் தள்ளிவிடுவாள்.

"எதுக்குடி தள்ளற? அவ எழுதனதப் படி."

"படிச்சா வாள் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"பொறவு என்னத்துக்குட்டி? உங்க ஷிப்ட் ரிப்போர்ட்டு மாரியே இருக்கு. அங்கயும் நீ எழுதுதத யாரும் படிக்கமாட்டாங்க, பாத்துக்க."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே எனக்கு அந்தக் கதவுக்காரியின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

இது புதிதாக வந்த பழக்கம் இல்லை. பள்ளி விடுமுறைக்குக் காவேரிப்பட்டினத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். அங்கே டிவியில் சொருகி ஆடுகிற கேம் ஒன்று இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு பூதம் நெருப்பு துப்பும். மற்ற பிள்ளைகள் அதை எப்படித் தாண்டுவது என்று யோசித்தார்கள். எனக்கு வேறு சந்தேகங்கள். இவ்வளவு பாலங்களையும் சுரங்கங்களையும் கட்டியது யார்? நகரும் மேடைகளுக்கு யார் எண்ணெய் போடுவது? ஹீரோ போகிற இடமெல்லாம் பானையை உடைக்கிறான், பெட்டியைத் திறக்கிறான், கண்ணில் பட்ட காசைப் பொறுக்குகிறான். ஒரு கல்லைக்கூட எடுத்து வைத்ததில்லை. பராமரிப்பு முழுக்க பூதத்தின் செலவு. பிறகு பொறியியல் படிக்கப் போனது இதனால்தான் என்று சொன்னால் மிகையாகும். ஆனால் என் அனுதாபம் எப்போதும் கட்டிவைத்தவர்கள் பக்கமே இருந்தது, உள்ளே குதித்து வந்தவர்கள் பக்கம் இருந்ததில்லை.

பெரியவளான பிறகு இன்னொன்றும் பிடிபட்டது. ஹீரோ எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம். ஒவ்வொரு சாவிலும் எதிரியின் வீச்சு எந்தப் பக்கம் வரும் என்று கற்றுக்கொண்டு திரும்பி வருகிறான். அவளுக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் முதல் முறை. வருகிறவனைப் பார்த்து, "திரும்பிப் போ" என்று மரியாதையாகச் சொல்கிறாள். தன்னை ஏற்கெனவே படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. கடைசியில் ஒரே ஒரு தடவை அவள் தோற்கிறாள், அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அவன் அத்தனை தடவை தோற்றது எந்தக் கணக்கிலும் வராது.

இதை என்னோடு இருப்பவளிடம் சொன்னேன்.

"ஏட்டி, அவ வில்லிட்டி," என்றாள். "கதவ மறிச்சிட்டு நிக்கா. அவளுக்குப் போயி இவ்ளோ வக்காலத்து வாங்குத."

"மறிச்சிட்டு நிக்கறதுதான் அவ வேலை."

"அப்பொ செத்துப்போறதும் அவ வேலைதான்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அடித்தாள். செத்தாள். கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள்.

புது யூனிட் அறிவிப்பு வந்தபோது நான் அதை எனக்கு வரவேண்டியது என்றே எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடங்களில் அந்த லைனின் ஒவ்வொரு பிரச்சினையும் எந்த மெஷினில், எந்த மாதத்தில் வரும் என்று சொல்லக்கூடியவள் நான். புது லைனை ஆரம்பத்திலிருந்தே சரியாக அமைக்கலாம் என்று ஒரு வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தேன். அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று பஸ்ஸில் வைத்துத்தான் தெரிந்தது. "சும்மா குடுத்துப் பாப்பமேன்னு குடுத்தேன்," என்றாள். சும்மா. எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது.

இனி ஐந்தாவது வரி.

எங்கள் லைனின் கடைசியில் ஒரு ஃபிக்சர் இருக்கிறது. பிராக்கெட்டை அதில் வைத்தால் துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டும். அந்த ஃபிக்சரையே நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு கெட்ட பீஸை வேண்டுமென்றே அதில் வைப்போம். துளை தள்ளிப் போட்ட பீஸ். சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபிக்சர் நன்றாக இருக்கிறது. அந்தக் கெட்ட பீஸுக்கு உடம்பெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதற்கென்று வெட்டிய குழியில் வைத்திருப்போம். நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயின்ட்.

கஸ்டமர் வருவதற்கு முந்தின நாள் தொழிற்சாலை முழுக்கக் கழுவித் துடைப்பது வழக்கம். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் போடுவார்கள், மெஷின்கள் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பளபளக்கும். அவள் தன் லைனைத் துடைத்துக்கொண்டே போனவள் சிவப்பு பீஸையும் எடுத்திருக்கிறாள். தினமும் கைபட்டுப் பெயின்ட் அங்கங்கே உரிந்து அசிங்கமாக இருந்தது. தின்னர் போட்டுப் பழைய பெயின்ட்டைச் சுத்தமாக எடுத்துவிட்டு, காயட்டும் என்று ரேக்கில் வைத்துவிட்டு, புதுப் பெயின்ட் வாங்க ஸ்டோருக்குப் போனாள்.

மத்தியானச் சுற்றுக்கு நான் வந்தபோது குழி காலியாக இருந்தது.

"சிவப்பு பீஸ் எங்கடி?"

"பெயின்ட் அடிக்க எடுத்தேன். அந்தா ரேக்குலதான்..."

ரேக்கும் காலி. அவள் ஸ்டோரில் நின்ற நேரத்தில் யாரோ, நல்ல பீஸ் ஒன்று தனியாகக் கிடக்கிறதே என்று பொறுப்பாக எடுத்து, பாஸான டிரேயில் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் போன பிறகு அது மற்ற பிராக்கெட்டுகளைப் போலவேதான் இருந்தது, கொஞ்சம் கூடுதல் சுத்தமாக. டிரேக்கள் டிஸ்பேட்சுக்குப் போய் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு, லாரிக்காகக் காத்திருந்தன.

நான் மொத்த லாட்டிலும் ஹோல்டு டேக் கட்டினேன். மேனேஜர் சார் ஓடி வந்தார்.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க, இன்னைக்கு லாரிய நிறுத்துறியாம்மா? ஒரே ஒரு பீஸ்தான?"

"ஒரு பீஸ்தான் சார். அது எந்தப் பெட்டில இருக்குன்னு தெரியாது."

"யாரு எடுத்தது அத?"

அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்வதைவிட, சொல்ல வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி. எனக்குத் தெரியாது சார், ரேக்கில்தான் இருந்தது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாக்கியம். அது முழுப் பொய்கூட இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

"நாந்தான் சார். தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன்," என்றாள். அத்தனை பேர் முன்னாலும். "புத்தி இல்லாம பண்ணிட்டேன். இவ பாத்தா, இல்லன்னா போயிருக்கும்."

பிறகு லைனைப் பார்த்துத் திரும்பி இரண்டு மொழிகளில் கத்தினாள். எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும், எல்லாப் பீஸையும் மறுபடி ஃபிக்சரில் வைக்கணும், யார் கையில் அது கிடைக்கிறதோ அவங்களுக்கு அவள் செலவில் பிரியாணி. ஷிப்ட் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. முதல் பஸ் காலியாகப் போனது. கேன்டீனிலிருந்து டீ வந்தது. பச்சை விளக்கு எரிய எரிய, "இல்லே இல்லே" என்று கோரஸாகச் சொன்னார்கள். கடைசியில் அதே முதல் மேசை அக்கா வைத்த பீஸுக்குச் சிவப்பு எரிந்தது. கைதட்டலும் விசிலுமாக ஒரே ஆரவாரம். நான் டேக் கட்டை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். ஒவ்வொரு பெட்டியாக டேக்கை அவிழ்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை, அதைச் செய்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது, "மேடம், ஒங்களுக்கு பிரியாணி இல்லியா?" என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் வந்தவர்களிடம் இந்தக் கதையையும் அவளே சொன்னாள். மறைக்காமல் சொன்னது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த வாரத்திலேயே முடிவு வந்தது.

மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். மோசமான மனிதர் இல்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"நீ கண்டுபிடிச்சம்மா, இல்லேங்கல. ஆனா கண்டுபிடிக்கிறது குவாலிட்டியோட வேலை. அங்க புது ஆளுங்க, பாதிப்பேரு தமிழே பேசமாட்டாங்க. அவங்கள வெச்சு ஓட்டணும். அவ தப்பு பண்ணா, ஆனா எப்பிடி எடுத்துட்டுப் போனா பாத்தல்ல?"

பார்த்தேன் சார் என்றேன். பார்த்ததுதான் பிரச்சினை. அவள் திறமையில்லாதவளாகவோ கள்ளத்தனம் உள்ளவளாகவோ இருந்திருந்தால் என் பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும், கோபம் என்று அதற்குப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கலாம். அப்படி எதுவும் அவள் எனக்குத் தரவில்லை. தவறு செய்தவளுக்கு மறு வாய்ப்பு கிடைத்தது, அதில் அவள் ஜெயித்தாள். நான் தவறே செய்யாததால் எனக்கு மறு வாய்ப்பு என்ற ஒன்று கிடைக்க வழியே இல்லை. வரைபடத்தை மடித்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கத்தல்.

"ஏட்டி வா! வா! விழுந்துட்டா!"

போய்ப் பார்த்தேன். கதவுக்காரி பனியில் மண்டியிட்டிருந்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது, இத்தனை நாள் அவள் எதைக் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அதில்தான் இருந்திருக்க வேண்டும். நான் முதல் இரண்டு சொற்களைப் படிப்பதற்குள் என்னோடு இருப்பவள் வழக்கம்போலப் பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்தது. நெருப்பு. சமவெளி. ஊர்மக்கள் கையை ஆட்டினார்கள்.

"ஏன்டி தள்ளன?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"எதைட்டி?"

"அவ பேசிட்டிருந்தா."

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீ கேம பத்தியா கேக்க?"

புளி ஒட்டிய கையைத் துண்டில் துடைத்தேன்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத," என்றாள். "அங்க குவாலிட்டிக்கு நீதான் வேணும்னு சார்ட்ட கேட்டுட்டேன். அவரும் சரின்னுட்டாரு. நீ இல்லன்னா நான் என்னத்தைப் போட்டுத் தொடைப்பேன்னு எனக்கே தெரியாது."

"யாரக் கேட்டு கேட்ட?"

"உனக்காகத்தாம்ட்டி."

"எனக்காகன்னா என்னையில்ல கேட்டிருக்கணும். நீ உனக்காகக் கேட்டிருக்க."

"சரி, எனக்காவதான். அதுல என்ன தப்பு? நல்ல ஆளக் கூட வெச்சிக்கிடணும்னு நெனைக்கது தப்பா?"

தப்பில்லை. அதையும் சொன்னேன். அவளோடு போனால் நல்ல லைனாகத்தான் அமையும், நான் சொன்னால் அவள் கேட்பாள், என் வரைபடத்தில் பாதியாவது நிஜமாகும். இவை எல்லாமே போவதற்கான காரணங்கள், எனக்குத் தெரியும். போகாமலிருக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: நான் கேட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதை தினமும் பார்க்க என்னால் முடியாது. எடை போட்டால் இந்தப் பக்கம் லேசானதுதான். ஆனாலும் தட்டு இந்தப் பக்கமே சாய்ந்தது.

"நான் வரல," என்றேன். "வேற ஆளப் பாத்துக்க."

"ஒரு மாசம் கழிச்சு சொல்லு."

"ஒரு மாசம் கழிச்சும் பொறாமையாத்தான் இருக்கும்."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அவள் முகம் சுருங்கி, பிறகு சிரிக்கப் பார்த்து, அதுவும் முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். புளியை வடிகட்டி, ரசத்தை அவளே கூட்டி வைத்தாள். உப்பு அதிகம். இருவரும் அதையே சாப்பிட்டோம்.

இப்போதைய நிலை இது. அவள் சூளகிரி யூனிட்டில் லைன் இன்சார்ஜ். குவாலிட்டிக்குத் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் போயிருக்கிறான், சுமாராகச் செய்கிறானாம். நான் பழைய தொழிற்சாலையில் அதே லைனிலேயே இருக்கிறேன். அடுத்த தடவை இன்சார்ஜ் வேலைக்கு ஆள் எடுத்தால் பெயர் கொடுப்பேன் என்று மேனேஜரிடம் சொல்லியாகிவிட்டது. வீடு இன்னும் இருவருக்கும் ஒன்றுதான், பஸ் மட்டும் வேறு வேறு. பொறாமை குறையவில்லை.